வெயில் இருக்கும்வரை பேனல் அணையாது

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

மொட்டை மாடியில் சோலார் அமைத்தவர்களிடமிருந்து வரும் கடிதங்கள் இப்போது கூடிவிட்டன. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று மானியம் கிடைப்பதால், நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து இறங்கியிருக்கின்றன. முன்பெல்லாம் மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்றே கேட்டு எழுதினார்கள். இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதங்கள் எல்லாம் ஒரே கவலையைச் சுற்றி வருகின்றன: வீட்டில் வயரிங் வேலை நடக்கும்போது சோலாரை எப்படி நிறுத்துவது? இந்தக் கவலை நியாயமானது. சற்றுத் தாமதமாக வந்திருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். இந்தப் பக்கத்தில் ஏசி என்று எழுதும் இடங்களிலெல்லாம் மின்வாரியத்திலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தையே குறிப்பிடுகிறேன். அறையைக் குளிர்விக்கும் சாதனத்தை அல்ல. டிசி என்பது பேனலும் பேட்டரியும் தரும் நேர்திசை மின்சாரம். அந்த டிசியை வீட்டுக்கு ஏற்ற ஏசியாக மாற்றித் தரும் பெட்டிதான் இன்வெர்ட்டர்.

கேள்வி: எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு 3 கிலோவாட் சோலார் அமைத்தோம். பேட்டரி இல்லை. படுக்கையறையில் குளிர்சாதனத்துக்குத் தனி லைன் இழுக்க வந்த வயர்மேன், மீட்டருக்குக் கீழே உள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, “கரண்ட் இல்லைம்மா” என்று வேலையைத் தொடங்கிவிட்டார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டரையோ அதன் பக்கத்துப் பெட்டிகளையோ அவர் தொடவே இல்லை. இது சரிதானா?

— வாசகி, திருப்பூர்

பதில்: சரியில்லை அம்மா. அன்று விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்பது ஆறுதலான செய்தி. ஆனால் அந்த முறை பாதுகாப்பானது என்பதற்கு அது சான்றாகாது.

சோலார் வருவதற்கு முன்பு உங்கள் வீட்டுக்கு மின்சாரம் வர ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியை மெயினில் அடைத்துவிட்டால் வீடு முழுவதும் செத்த லைன். இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. பேட்டரி வைத்தவர்கள் வீட்டில் மூன்று. வேலைக்கு வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே, “இந்த வீட்டுக்குள் மின்சாரம் எத்தனை இடத்திலிருந்து வருகிறது?” என்பதுதான்.

பேனலைப் பற்றி ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதற்கு அணைக்கும் பொத்தான் கிடையாது. வெளிச்சம் விழும்வரை அதன் இரண்டு முனைகளுக்கிடையே வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும். இப்போது வீடுகளுக்கு வரும் 540 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொண்டால், எதிலும் இணைக்காத நிலையில் அது ஏறத்தாழ 49 வோல்ட் காட்டும். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோத்திருப்பார்கள். ஆக, மாடியிலிருந்து உங்கள் மாடிப்படிக்குக் கீழே இறங்கும் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கிடையே 300 வோல்ட்டை ஒட்டிய டிசி இருக்கும். 5 கிலோவாட்டுக்குப் பத்துப் பேனல்களை ஒரே வரிசையாகக் கோத்தால் அது 500 வோல்ட்டை நெருங்கும். மெயினை அணைத்தாலும், தெருவில் டிரான்ஸ்ஃபார்மரையே அணைத்தாலும், அந்த வயரில் இருக்கும் வோல்டேஜ் அப்படியேதான் நிற்கும். இளங்காலையில் வெயில் இல்லையே என்று அலட்சியம் கொள்ளவும் கூடாது. பேனல் குளிர்ந்திருக்கும்போது வோல்டேஜ் உச்சி வெயிலில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மேகமூட்டத்தில் குறைவது பெரும்பாலும் ஆம்பியர்தான், வோல்டேஜ் அன்று.

அடுத்து, உங்கள் சோலார் லைன் வீட்டு லைனோடு எந்த இடத்தில் சேருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் அது மெயின் சுவிட்சுக்குப் பிறகு, வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில் சேரும். அங்கே மெயினை அணைத்தால் இன்வெர்ட்டர் மின்வாரிய மின்சாரத்தைக் காணாமல் தானாக நின்றுவிடும். வேறு சில வீடுகளில் மெயினுக்கு முன்பே, மீட்டர் பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். அங்கே மெயினை அணைத்தால் வீடு மட்டும்தான் அணையும். இன்வெர்ட்டர் வழக்கம்போல ஓடி, மின்வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், அதன் பெட்டிகள் எல்லாம் உயிரோடு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சோலார் அமைத்துக் கொடுத்தவர்கள் ஒற்றைக்கோடு வரைபடம் ஒன்று தந்திருப்பார்கள். அதைத் தேடி எடுத்து வயர்மேனிடம் காட்டுங்கள்.

நிறுத்தும் வரிசை இதுதான். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்து எம்சிபியை, அதாவது ஓட்டம் மிகும்போது தானாக விழும் சுவிட்சை, அணைக்க வேண்டும். அப்போது இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள முடியாமல் நின்றுவிடுவதால், பேனலிலிருந்து வரும் ஓட்டமும் நின்றுவிடும். அதன் பிறகுதான் டிசி ஐசொலேட்டரை, அதாவது இன்வெர்ட்டரின் அடியிலோ தனிப் பெட்டியிலோ இருக்கும் திருகு சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு வீட்டு மெயின். இவ்வளவும் முடிந்த பின், இன்வெர்ட்டரைத் திறக்கும் வேலை என்றால் அதன் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாளில் சொன்ன நேரம், பெரும்பாலும் 5 அல்லது 10 நிமிடம், காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் எல்லாம் அணைத்த பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

அணைத்த சுவிட்சை யாரும் திரும்பப் போடாதபடி பூட்டுவது அணைப்பதைப் போலவே முக்கியம். மின்விசிறி ஓடவில்லையே என்று உள்ளேயிருந்து வரும் பெரியவரோ, பள்ளி விட்டு வரும் பிள்ளையோ மெயினைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எம்சிபிக்குப் போடும் சிறிய பூட்டுக் கிளிப்பு மின்சாதனக் கடைகளில் கிடைக்கிறது. அது கையில் இல்லையென்றால் பெட்டியையே பூட்டிச் சாவியை வேலை செய்கிறவர் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, அளந்து பார்ப்பது. உங்கள் வயர்மேன் டெஸ்டர் வைத்துப் பார்த்தது நல்ல பழக்கம். ஆனால் பேனலின் டிசியைப் பொறுத்தவரை திருகுளி டெஸ்டரின் விளக்கை நம்பவே முடியாது, தொடாமல் பார்க்கும் பேனா டெஸ்டர் டிசியைக் காட்டவே காட்டாது. 1000 வோல்ட் வரை தாங்கும் நல்ல மல்டிமீட்டரால், டிசி என்று மாற்றி வைத்து, மூன்று முறை பார்க்க வேண்டும்: ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே, ப்ளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே, மைனஸுக்கும் எர்த்துக்கும் இடையே. அப்படிப் பார்ப்பதற்கு முன்பும் பின்பும், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டரின் வயர் அறுந்திருந்தாலும் அது பூஜ்யம்தான் காட்டும். ஐசொலேட்டரை அணைத்த பிறகும் அதன் பேனல் பக்கத்துத் திருகுகளில் முழு வோல்டேஜும் நிற்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்; பெட்டி மூடியைத் திறப்பவருக்கு அந்த இரண்டு திருகுகளும் எப்போதும் ஆபத்துதான்.

கேள்வி: கரண்ட் போனால் எங்கள் வீட்டு சோலாரும் உடனே நின்றுவிடுகிறது. நல்ல வெயிலில் நின்றுபோவது வீண்தானே என்று விசாரித்தபோது, மின்கம்பத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள் என்றார்கள். தானாகவே நின்றுவிடும் என்றால், நாம் தனியாக அணைக்க என்ன தேவை?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: உங்களுக்குச் சொன்னது உண்மை ஐயா. மின்வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் 2 வினாடிக்குள் தன்னைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது தரநிலை. அப்படிச் செய்யாவிட்டால் உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லக்கூடும். மின்சாரம் திரும்பி வந்த பிறகும் வோல்டேஜும் அலைவெண்ணும் குறைந்தது 60 வினாடி சீராக இருப்பதைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் மறுபடி சேரும். கரண்ட் வந்தும் சோலார் ஓடவில்லையே என்று பதறுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் இது ஒரு மின்னணுச் சாதனம் தானாக எடுக்கும் முடிவு. ஓர் உயிரை அதன் பொறுப்பில் மட்டும் விட்டுவிட முடியாது. அதனால்தான் மத்திய மின்சார ஆணையம் 2013-ல் கொண்டுவந்த இணைப்பு விதிமுறைகளில், மின்வாரியப் பணியாளர் எளிதில் எட்டக்கூடிய இடத்தில், கையால் இயக்கி, பிரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, பூட்டி வைக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் தெருவில் வேலைக்கு வருகிறவர் கேட்டால் அதைக் காட்டிக் கொடுங்கள். அதன் முன்னால் சைக்கிளையும் பழைய சாமான்களையும் அடுக்கி மறைத்துவிடாதீர்கள்.

அத்துடன், தானாக நிற்பது ஏசி பக்கம் மட்டும்தான். திருப்பூர் வாசகிக்குச் சொன்னபடி, பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள டிசி வயருக்கு மின்தடை என்பதே கிடையாது. இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் சோலார் வருவதற்கு வெகு காலம் முன்பே, மின்வெட்டு நாட்களில் வாங்கிய ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டர் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைத்த அடுத்த கணமே அது விழித்துக்கொண்டு, தன் லைனில் இருக்கும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் 230 வோல்ட்டை அனுப்பும். பழைய வயரிங்கில் அந்த லைனின் நியூட்ரல் வீட்டின் மற்ற நியூட்ரலோடு கலந்திருக்கும். “மெயின்தான் ஆஃப் ஆயிற்றே” என்று நியூட்ரல் கட்டையைத் தொட்டவருக்கு ஷாக் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். அந்த இன்வெர்ட்டரையும் அதன் சொந்த சுவிட்சில் அணைத்தாக வேண்டும்.

கேள்வி: நான் எட்டு ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். சென்ற மாதம் ஒரு வீட்டு மாடியில் பேனல் ஒன்றை மாற்றுவதற்காக இணைப்பைக் கழற்றியபோது பெரிய தீப்பொறி கிளம்பி, கையுறை கருகிவிட்டது. ஏசி லைனில் எத்தனையோ முறை ப்ளக்கை உருவியிருக்கிறேன், இப்படி ஆனதே இல்லை. டிசியில் மட்டும் ஏன் இப்படி?

— வாசகர், மதுரை

பதில்: கையுறையோடு போயிற்றே என்று நிம்மதியாக இருக்கிறது தம்பி. உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏசி வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நம் ஏசி மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, ஆக வினாடிக்கு 100 முறை, ஓட்டம் பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. ப்ளக்கை உருவும்போது தீப்பொறி கிளம்பினாலும் அடுத்த பூஜ்யத்தில் அது தானாக அணைந்துவிடும். டிசிக்கு அந்தப் பூஜ்யம் கிடையாது. ஓட்டம் இருக்கும்போது இணைப்பைப் பிரித்தால் இடையில் உள்ள காற்றே கடத்தியாகி, பொறி சுடராக நீண்டு நின்று எரியும். பேனல் மின்சாரம் தந்துகொண்டே இருப்பதால் அதுவாக அணையாது. “ஷார்ட் ஆனால் ஃப்யூஸ் போய்விடுமே” என்று நினைப்பதற்கும் இங்கே இடமில்லை. 540 வாட் பேனல் வேலை செய்யும்போது தருவது 13 ஆம்பியர். இரண்டு முனையையும் நேரே சேர்த்துவிட்டாலும் தருவது ஏறத்தாழ 14 ஆம்பியர்தான். ஒற்றை வரிசையில் உள்ள ஃப்யூஸுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நான் நின்றுகொண்டிருந்தபோது என் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன். அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் இளைஞர் ஒருவர், கீழே எதையும் அணைக்காமல், பேனலுக்கு அடியில் குனிந்து, பேனல் வயர்களைக் கோக்கும் எம்சி4 என்ற செருகு இணைப்பின் இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விரலால் அழுத்தி இழுத்தார். வெல்டிங் வைக்கும்போது வருவதைப் போல ஊதா கலந்த வெள்ளைச் சுடர் இரண்டு முனைகளுக்கிடையே நூல் போல இழுபட்டு வந்தது. அவர் பதறிக் கையை விட்டதும் இணைப்பின் முனை கூழாக உருகித் தொங்கியது. பேனலின் அலுமினியச் சட்டத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்பு. பிளாஸ்டிக் எரிந்த அந்த நெடி இறங்கி வந்த பிறகும் போகவில்லை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்களின் தோல் உரிந்திருந்தது. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே, எம்சி4 இணைப்பு சுவிட்ச் அன்று. ஓட்டம் இல்லாதபோது மட்டுமே கழற்றுவதற்கானது. கீழே ஏசியையும் டிசி ஐசொலேட்டரையும் அணைத்துவிட்டு, மாடியில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரின் மேல் மாட்டி, ஓட்டம் பூஜ்யம் என்று பார்த்த பிறகே இணைப்பில் கை வையுங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இங்கே எப்போதும் பூஜ்யத்தையே காட்டி ஏமாற்றும். கழற்றிய பின்பும் அந்த வரிசை முனைகளில் வோல்டேஜ் நிற்கும் என்பதால், முனைகளுக்கு மூடி போட்டு வையுங்கள். 120 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசியை உயிருக்கு ஆபத்தானதாகவே எண்ணி நடந்துகொள்ள வேண்டும்.

டிசி பெட்டிக்குள் என்ன எம்சிபி இருக்கிறது என்பதையும் பாருங்கள். மலிவுக்காகச் சில இடங்களில் ஏசிக்கான எம்சிபியையே மாட்டிவிடுகிறார்கள். ஓட்டம் இருக்கும்போது அதை அணைத்தால் உள்ளே பொறி அணையாமல் பெட்டியே பற்றிக்கொள்ளலாம். டிசி எம்சிபியிலும் பல வகைகளுக்கு ப்ளஸ், மைனஸ் குறி உண்டு. அந்த வகையைத் திருப்பி மாட்டினால் பொறியை அணைக்கும் அமைப்பு எதிர்த் திசையில் வேலை செய்து பயனற்றுப் போகும். மூடி பழுப்பேறியோ, திருகுக்கருகே பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அந்த சுவிட்சை வெயிலில் இயக்காதீர்கள். முதலில் ஏசியை அணைத்து ஓட்டத்தைப் பூஜ்யமாக்குங்கள், மற்ற வேலையைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் உண்டு. வீட்டு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியை மாற்றப்போகிறோம். எதை முதலில், எதைக் கடைசியில் அணைப்பது?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஹைப்ரிட் என்றால் மின்வாரிய மின்சாரம் போனாலும் வீட்டின் ஒரு பகுதிக்கு இன்வெர்ட்டர் தொடர்ந்து கொடுக்கும். எனவே தானாக நின்றுவிடும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உங்கள் பெட்டியில் மின்வாரியத்திலிருந்து வரும் லைன் ஒன்று, இன்வெர்ட்டரின் பேக்கப் லைன் ஒன்று என்று இரண்டு ஏசி லைன்கள் வந்து சேர்ந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே பிரித்து, தனித்தனியே அளக்க வேண்டும்.

பொதுவான வரிசை: முதலில் பேக்கப் லைனில் ஓடும் சாதனங்களை நிறுத்திவிட்டு அந்த எம்சிபியையும், பிறகு மின்வாரியப் பக்கத்து எம்சிபியையும் அணைத்து, இன்வெர்ட்டரை அதன் பொத்தானில் நிறுத்துங்கள். அடுத்து பேனலின் டிசி ஐசொலேட்டர். பேட்டரி பிரேக்கர் கடைசி. பேனல் இணைந்திருக்கும்போதே பேட்டரியைப் பிடுங்கினால், சார்ஜ் செய்யும் பகுதி போக்கிடம் இல்லாத வோல்டேஜால் பழுதாகக்கூடும். திரும்பப் போடும்போது பேட்டரி முதலில், பேனல் அதற்குப் பிறகு. சில மாடல்களின் கையேட்டில் வேறு வரிசை இருக்கும். அங்கே கையேடு சொல்வதே சரி.

48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று பேட்டரியிடம் கவனக்குறைவாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அதன் ஆபத்து வேறு விதம். ஸ்பானர் ஒன்று தவறி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து உலோகமே உருகித் தெறிக்கும். மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி வைத்துவிட்டு, பிடியில் இன்சுலேஷன் உள்ள கருவியோடுதான் அருகே போக வேண்டும். திருமண மோதிரம் கழற்ற வராது என்று சொல்கிறவர் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடட்டும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். இன்வெர்ட்டர் மூழ்கிவிட்டது. மின்வாரியம் எங்கள் பகுதிக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டதால் பயமில்லை என்று தண்ணீரில் இறங்கிச் சாமான்களை எடுத்தோம். இப்போது நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. மறுபடி மழைக்காலம் வரும்முன் என்ன செய்ய வேண்டும்?

— வாசகி, முடிச்சூர், சென்னை

பதில்: நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது அம்மா. மின்வாரியம் நிறுத்தியது தன் மின்சாரத்தை மட்டும்தான். மழை விட்டு வெளிச்சம் வந்ததும் மாடியில் பேனல்கள் தம் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த வோல்டேஜ் டிசி வயர் வழியே இறங்கி, தண்ணீருக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் முனைகள் வரை வந்து நின்றிருக்கும்.

வெள்ளம் வரும் என்று எச்சரிக்கை வந்தவுடன், தரை காய்ந்திருக்கும்போதே, ஏசி, டிசி என்ற வரிசையில் அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அதில் நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. அணைப்பதற்காகக்கூடத் தொடக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு பேனலின் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதால், தவிர்க்க முடியாமல் அருகே போக வேண்டியவர்களுக்கு இரவே பகலைவிடப் பாதுகாப்பு. பேட்டரி உள்ள வீடுகளுக்கு இது பொருந்தாது. மூழ்கிய லித்தியம் பேட்டரி வற்றிய பிறகும் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விற்றவர்களை அழைக்காமல் அதை நகர்த்தவே வேண்டாம்.

நிரந்தரமான வழி, இன்வெர்ட்டரையும் இரண்டு பெட்டிகளையும் முதல் தளத்துக்கு மாற்றுவதும், டிசி ஐசொலேட்டர் ஒன்றை மாடியிலேயே, பேனல்களுக்குப் பக்கத்தில் நிழலில் வைப்பதும்தான். மாடியிலேயே பிரித்துவிட்டால் வீட்டுக்குள் இறங்கும் வயரில் எதுவும் இராது. வெள்ளம் கண்ட வயரை மறுபடி பயன்படுத்தும் முன், 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) எர்த்துக்கு எதிராக 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழை நாளின் காலையில் மட்டும் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் பழுது என்று காட்டி நின்றுபோனால், எங்கோ வயர் தோலுரிந்து சட்டத்தில் படுகிறது என்று பொருள். பேனலுக்கு அடியில் அணில் கடித்த வயர்கள் இப்படித்தான் தெரியவரும். அந்த நிலையில் பேனல் சட்டத்தையோ தாங்கும் இரும்பையோ வெறுங்கையால் தொடாதீர்கள், துடைக்கவும் ஏறாதீர்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் கூரையில் ஏறி இணைப்பைக் கழற்றப் பார்த்தார். இனி அப்படி ஒரு வேண்டுகோள் வந்தால் எப்படி நிறுத்துவது? நிறுத்தி வைத்தால் பேனல் பழுதாகுமா?

— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் தேவைக்கு மேல் வந்து சேர்ந்தால் மின்கட்டமைப்பின் சமநிலை குலையும்; அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதை அனுபவித்தவர்களுக்கு அந்த வேண்டுகோளின் அவசரம் புரிந்திருக்கும். ஆனால் அதற்காக யாரும் கூரையில் ஏற வேண்டியதில்லை. உற்பத்தியை நிறுத்துவதற்கு இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை அணைத்தாலே போதும். விரும்பினால் அதற்குப் பிறகு டிசி சுவிட்சையும் அணைக்கலாம். 3 மணிக்கு டிசியை முதலில் போட்டு, அடுத்து ஏசியைப் போடுங்கள். பேனல் பழுதாகாது. வெயிலை மின்சாரமாகத் தர வழியில்லாதபோது அது சற்றுக் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான்.

கேள்வி: தார்ப்பாய் போட்டுப் பேனலை மூடிவிட்டால் எல்லாத் தொல்லையும் தீருமே?

— வாசகர், நாகர்கோவில்

பதில்: தீராது. கெட்டியான கருப்புத் தார்ப்பாயால் ஓரம் விடாமல் மூடினால் ஓட்டம் மிகவும் குறையும்; கூடுதல் பாதுகாப்பாக அதைச் செய்யலாம். மெல்லிய நீலப் பாயின் வழியே போகும் வெளிச்சமே வோல்டேஜ் தரப் போதும், உங்கள் ஊர்க் காற்றுக்குப் பாயின் ஒரு மூலை பறந்தாலும் அப்படியே. மூடினாலும் ஐசொலேட்டரை அணைத்து, மீட்டரில் பார்த்துத்தான் தொட வேண்டும்.

கேள்வி: எனக்கு மின்சாரம் பற்றி எதுவும் தெரியாது. பிள்ளைகள் வெளியூரில். பெயின்ட் அடிக்கவும், திரைச்சீலைக் கம்பி மாட்டவும், எதற்காகவாவது ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

— வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம் அம்மா, உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே திறக்கட்டும். உங்களால் செய்ய முடிகிற வேலை வேறு இருக்கிறது, அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

சுவரில் துளை போட வருகிறவர்களுக்கு, சோலார் வயர் எந்தச் சுவர் வழியே இறங்குகிறது என்று தெரியாது. அந்தக் குழாயின் மேல், மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை, கைக்கெட்டும் உயரத்தில் சிவப்புப் பெயின்டால் “சோலார் வயர் – பகலில் எப்போதும் மின்சாரம் உண்டு” என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் புதைத்திருந்தால் சுவரின் மேலேயே ஒரு கோடு போட்டுவிடட்டும். வெள்ளையடிக்க வருகிறவர் அதன்மேல் அடித்துவிட்டுப் போனால், அன்றே மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, சோலார் அமைத்தவரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து, அணைக்க வேண்டிய சுவிட்சுகளில் 1, 2, 3 என்று பெரிய எண்களை ஒட்டச் செய்து, ஒவ்வொன்றையும் அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டர் பெட்டியின் கதவில், “இந்த வீட்டில் சோலார் உண்டு, மெயினை அணைத்தால் போதாது” என்று ஒரு தாளும், அதன் கீழே அமைத்தவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். தீயணைப்பு வீரர்கள் வர நேர்ந்தால் அவர்கள் முதலில் பார்ப்பதும் அந்தக் கதவைத்தான். தாள் வெயிலில் வெளுத்துப்போகும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது புதிதாக ஒன்று ஒட்டிவிடுங்கள்.